1,18,000 கிலோமீட்டர் ஓடிய என்ஜினுக்கு இப்போது சிந்தெடிக் ஆயில் ஊற்றலாமா?

நீலக்கார்

வணக்கம். அப்பாவின் கார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. கண்பார்வை மங்கியதால் அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். சாவியோடு ஒரு சின்ன நோட்டையும் கொடுத்தார். 12 வருடமாக அந்தக் காருக்கு ஆயில் மாற்றிய கணக்கு முழுவதும் அதில் பென்சிலில் இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், என்ன ஆயில், ஃபில்டர் மாற்றினாரா இல்லையா, எல்லாம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, தவறாமல், 10டபிள்யூ-30 மினரல் ஆயில் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கிடைக்கும் சாதா ஆயில்). கடைசி வரி 1,13,200-இல் நிற்கிறது. மீட்டர் இப்போது 1,18,040 காட்டுகிறது. அடுத்த வரியை நான் எழுத வேண்டும். ஆயில் பெயர் வரும் இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் குழப்பம்.

கார் 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) கிடையாது. ஆரம்பத்திலிருந்து அதைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கேட்டேன். "இத்தனை வருஷம் மினரலிலேயே ஓடின என்ஜின். இப்பப் போய் சிந்தெடிக் ஊத்தினா சீல் எல்லாம் கசிய ஆரம்பிச்சிடும். ஒரு தடவை மாத்திட்டா திரும்ப மினரலுக்கு வரவும் முடியாது" என்றார். உடன் வேலை பார்க்கும் தோழி நேர் எதிராகச் சொல்கிறாள். மினரல் எல்லாம் அந்தக் காலத்தோடு போச்சாம். சிந்தெடிக் ஊற்றிவிட்டால் 15,000 கிலோமீட்டர் வரை பானட்டைத் திறக்கவே வேண்டாமாம். இரண்டு பேரும் எனக்கு நல்லது நினைப்பவர்கள்தான். ஆனால் யார் பேச்சைக் கேட்பது?

என் ஓட்டம் இப்படி: வேலைக்கு 6 கிலோமீட்டர், காலையில் போய் மாலையில் திரும்புவேன். மாதம் ஒரு முறை போகவர 400 கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணம், நல்ல வெயிலில். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது என்ஜினின் மேல்பக்கத்தில் இரண்டு மூன்று நொடி டிக் டிக் என்று சத்தம் கேட்கும், பிறகு அடங்கிவிடும். ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மேல் கோட்டிலிருந்து பாதித் தூரம் இறங்குகிறது. என்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் ஓரத்தில் லேசான எண்ணெய் ஈரம் இருக்கிறது, தரையில் சொட்டியது இல்லை.

அப்பா இவ்வளவு அக்கறையாக வைத்திருந்த என்ஜினை நான் தெரியாமல் கெடுத்துவிடக் கூடாது. கசிவு என்பது உண்மையா? மாறினால் திரும்ப முடியாதா? என்னைப் போல ஓட்டுபவருக்கு சிந்தெடிக்கால் என்ன லாபம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டர்போப்பிரியன்

யோசிக்கவே வேண்டாம், மாறிவிடுங்கள். என் அனுபவம் இது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 62,000 கிலோமீட்டரில் இரண்டாம் கையாக வாங்கினேன். முதல் உரிமையாளர் சாதா ஆயிலையே ஊற்றி வந்திருக்கிறார், அதையும் நாள் கடத்தித்தான் மாற்றியிருக்கிறார். 70,000-ஐத் தொடும்போது டர்போ ஊளையிட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் அதற்கு ஆயில் போகும் பைப்புக்குள் கரி படிந்து பாதி துவாரம் அடைந்திருந்தது.

டர்போவின் சுழலி நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். பக்கத்திலேயே 900 டிகிரியைத் தொடும் புகை. வண்டியை அணைத்ததும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு மட்டும் அங்கேயே இருக்கும். உள்ளே தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் வெந்து கரியாகிறது. சிந்தெடிக் அந்தச் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். அன்றிலிருந்து அதைத் தவிர வேறு ஊற்றுவதில்லை. நீண்ட பயணம் முடிந்தால் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன்.

ஸ்பேனர்27

தங்கச்சி, முதலில் அப்பாவின் அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். 27 வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். அப்படி ஒரு நோட்டோடு வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டர்போப்பிரியன் சொன்னது அவர் காருக்குச் சரி. உங்கள் காரில் டர்போ இல்லை, அதனால் அந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குப் போட முடியாது.

நான் திறந்து பார்த்த இரண்டு என்ஜின்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று வாடகைக்கு ஓடிய கார், 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஆரம்பம் முதல் மினரல் ஆயில்தான். ஓட்டுநர் 5,000 வந்ததும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார், ஒரு நாள் வருமானம் போனாலும் சரி. ஹெட் பேக்கிங் மாற்றுவதற்காக, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைத் தூக்கினோம். சிலிண்டர் சுவரில் ஃபேக்டரியில் போட்ட குறுக்கு ஹோனிங் கோடுகள் அப்போதும் கண்ணுக்குத் தெரிந்தன, அதாவது சுவர் அவ்வளவு குறைவாகத்தான் தேய்ந்திருந்தது. என் உதவிப் பையன்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொன்று 80,000-கூட ஓடாத கார். உரிமையாளர் நல்ல சிந்தெடிக் ஆயில்தான் ஊற்றியிருந்தார், அதன் பிறகு மூன்று வருடம் மாற்றவே இல்லை. டேப்பட் கவரைக் கழற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றிக் கறுப்பு ஜெல்லி. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினால் ஆயில் உறிஞ்சும் வலை முக்கால்வாசி அடைத்திருந்தது. அந்த என்ஜினைக் காப்பாற்ற முடியவில்லை. அதனால் யாராவது என்னிடம் "எந்த ஆயில்?" என்று கேட்டால், "கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

அடுத்து, டப்பாவில் உள்ள எண். மினரலா சிந்தெடிக்கா என்பதைவிட இது என்ஜினுக்கு முக்கியம். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியிலும் வைத்துச் சோதிப்பார்கள். பின்னால் இருக்கும் எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. 30 என்றால் 100 டிகிரியில் பாகுத்தன்மை 9.3-இலிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். 40 என்றால் 12.5-இலிருந்து 16.3-க்குள். சிந்தெடிக்கிலும் 10டபிள்யூ-60 இருக்கிறது, மினரலிலும் 10டபிள்யூ-30 இருக்கிறது. உங்கள் என்ஜின் 30 கேட்கிறது என்றால், உயர்ந்த சரக்கு என்று அந்த 60-ஐ வாங்கி ஊற்றுவது தப்பு. சாதா 10டபிள்யூ-30 அதைவிட நல்லது. டப்பாவைப் பார்க்கும் முன் மேனுவலைத் திறங்கள்.

கசிவு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் பார்த்திருப்பார். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் காரணம் வேறு. வருடக்கணக்கில் சூடு பட்டு ரப்பர் சீல் கெட்டியாகிச் சுருங்கியிருக்கும். அந்த இடைவெளியைக் கசடு அடைத்துக்கொண்டு இருக்கும். கழுவும் சக்தி அதிகமுள்ள புது ஆயில் போனால் அந்தக் கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், மறைந்திருந்த கசிவு வெளியே தெரியும். பராமரிக்காத வண்டியில்தான் இது பெரிய தலைவலி. உங்கள் வண்டி அப்படிப்பட்டது என்று நான் நினைக்கவில்லை. நீங்களே பார்க்கலாம்: என்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் கவலை வேண்டாம். கறுப்பாக ஜெல்லி போலவோ மேலே பொருக்குத் தட்டியோ இருந்தால், மாறுவதற்கு முன் இங்கே வந்து கேளுங்கள்.

டேப்பட் கவர் ஈரம் எந்த ஆயில் ஊற்றினாலும் போகாது. 12 வருடப் பேக்கிங் கெட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். முதலில் அதை மாற்றுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் அவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று முறுக்கினால் கவர் வளைந்து மறுபடி கசியும்.

அந்த டிக் டிக் சத்தத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஃபில்டரை. நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், ராத்திரியில் ஆயில் முழுவதும் சம்ப்புக்கு இறங்கிவிடாமல் பிடித்து வைக்கும். மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். காலையில் மேலே ஆயில் ஏறும் வரை கேமும் டேப்பட்டும் காய்ந்து தட்டும்.

வேதியியல்காரி

ஆயில் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அண்ணன் சொன்ன இரண்டு என்ஜின் கதையும் எங்களுக்கு வரும் சாம்பிள்களோடு அப்படியே ஒத்துப்போகிறது. வேதியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஒரு டப்பா ஆயிலில் 75 முதல் 90 சதவீதம் வரை பேஸ் ஆயில், மீதி சேர்மானங்கள். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம், அழுக்கைக் கழுவுவது, கழுவியதை மிதக்க வைப்பது, நுரையை அடக்குவது எல்லாம் அந்த மீதியில்தான் இருக்கின்றன. மினரலிலும் இவை உண்டு, சிந்தெடிக்கிலும் உண்டு. வித்தியாசம் பேஸ் ஆயிலில்.

அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், அதாவது ஏபிஐ, பேஸ் ஆயில்களை ஐந்து குரூப்பாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. குரூப் 1 லேசாகச் சுத்தம் செய்தது. குரூப் 2 ஹைட்ரஜன் செலுத்தி இன்னும் சுத்தமாக்கியது. குரூப் 3-இல் கடும் அழுத்தத்தில் மூலக்கூறுகளையே உடைத்து மாற்றி அமைத்துவிடுகிறார்கள். குரூப் 4 என்பது பிஏஓ, சிறு மூலக்கூறுகளைக் கோத்து ஆலையில் கட்டி எழுப்பியது. வேறு எதிலும் அடங்காத எஸ்டர் போன்றவை குரூப் 5. விமான ஜெட் என்ஜின்களில் ஓடுவது எஸ்டர் வகை ஆயில்தான்.

இதில் எது "சிந்தெடிக்"? முன்பெல்லாம் பிஏஓவையும் எஸ்டரையும் மட்டுமே அப்படிச் சொன்னார்கள். குரூப் 3-ஐ சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் அமெரிக்காவில் ஒரு தகராறு நடந்தது. விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு இன்று கடையில் சிந்தெடிக் என்று கிடைப்பதில் பெரும்பகுதி குரூப் 3. ஜெர்மனியில் முழு சிந்தெடிக் என்று எழுத இன்னும் கட்டுப்பாடு இருக்கிறது. செமி சிந்தெடிக் என்ற சொல்லைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதற்குள் எத்தனை சதவீதம் சிந்தெடிக் என்று டப்பாவில் சொல்வதில்லை.

இதைச் சொல்வது குரூப் 3-ஐக் குறைக்க அல்ல, நல்ல குரூப் 3 அருமையான ஆயில். மினரலில் பல அளவு மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். சின்னவை சூட்டில் ஆவியாகிப் போகும், மெழுகுத் தன்மை உள்ளவை குளிரில் உறையும். இவற்றை எவ்வளவு விலக்குகிறோமோ அவ்வளவு நல்ல ஆயில். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் நோவாக் என்ற சோதனை இருக்கிறது. இன்றைய பெட்ரோல் கார் ஆயிலுக்கு வரம்பு 15 சதவீதம். நல்ல சிந்தெடிக் 10-க்குக் கீழே நிற்கும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2017-இல் ஐந்து மினரல், ஐந்து சிந்தெடிக் ஆயில்களை எட்டு சோதனைகளில் ஒப்பிட்டது. சிந்தெடிக் சராசரியாக 47 சதவீதம் மேலாக வந்தது. ஆனால் இவை கூடத்தில் நடந்த ஆயில் சோதனைகள். என்ஜின் 47 சதவீதம் அதிக நாள் உழைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது தங்கையின் 6 கிலோமீட்டர். அதுதான் எனக்குக் கவலை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். டாஷ்போர்டில் தெரிவது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூடு. ஆயில் அதற்கு வெகு நேரம் பின்னால்தான் சூடேறும். 6 கிலோமீட்டரில் அது பாதிச் சூட்டைத் தொடும்போதே நீங்கள் வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். தண்ணீரும் எரிபொருள் மிச்சமும் உள்ளேயே தங்கி அமிலமாகின்றன. அந்த அமிலத்தை முறிக்கும் இருப்பை டிபிஎன் என்போம். புதிய பெட்ரோல் கார் ஆயில்களில் பெரும்பாலும் 6-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும். சின்னச் சின்ன ஓட்டம் மட்டுமே ஓடும் கார்களின் சாம்பிளில் அது கிலோமீட்டர் கணக்கைவிட வேகமாகக் கரைந்திருப்பதைப் பார்க்கிறோம். சிந்தெடிக் பேஸ் ஆயில் இதற்கு எதுவும் செய்ய முடியாது, டிபிஎன் சேர்மானத்தைச் சார்ந்தது. அதனால் தோழி சொன்ன 15,000-ஐ மறந்துவிடுங்கள். மாதம் ஒரு முறை நீங்கள் போகும் 400 கிலோமீட்டர்தான் உங்கள் ஆயிலைக் காய வைத்துக் காப்பாற்றுகிறது. அதை விடாதீர்கள்.

திரும்ப முடியாது என்பது உண்மை இல்லை. மினரலும் சிந்தெடிக்கும் ஒன்றோடொன்று கலக்கும். அவசரத்துக்கு ஒன்றின் மேல் மற்றொன்றை ஊற்றலாம், அடுத்த முறை பழையதற்கே திரும்பலாம். சீல் பயத்துக்கும் ஒரு வேர் உண்டு: பிஏஓ தனியாக இருந்தால் ரப்பரைச் சற்றுச் சுருக்கும், எஸ்டர் உப்ப வைக்கும். 1970-களில் கார்களுக்கு சிந்தெடிக் வந்த புதிதில் இந்தச் சமநிலை சரியாக அமையாத ஆயில்கள் இருந்தன. இப்போது சீல் ரப்பரோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனையைத் தாண்டாமல் எந்த ஆயிலும் ஏபிஐ தரத்தைப் பெற முடியாது.

பழையபாதை

இவ்வளவு படித்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி. 12 வருடம் மினரலில் நன்றாக ஓடியிருக்கிறது. 5,000-இல் மாற்றுவதை நிறுத்தப் போவதும் இல்லை. பிறகு எதற்கு மாற வேண்டும்? என்னுடைய மூன்று கார்களும் மினரலில்தான் ஓடின. ஒன்றுக்கும் என்ஜின் வேலை வரவில்லை. அந்தக் கூடுதல் பணத்தில் டயரோ பிரேக்கோ பார்க்கலாமே.

நீலக்கார்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு டார்ச்சோடு உட்கார்ந்தேன் அண்ணா. மூடிக்குள்ளே தேன் நிறம்தான், கறுப்பு எதுவும் இல்லை. மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிர் மஞ்சள் நுரை ஒட்டியிருந்தது.

மேனுவலில் 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30, ஏபிஐ எஸ்எம் தரம் அல்லது அதற்கு மேல், ஃபில்டரோடு 3.5 லிட்டர் என்று இருக்கிறது. மினரலா சிந்தெடிக்கா என்று ஒரு வார்த்தைகூட இல்லை! சாதாரண ஓட்டத்துக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம். கடின ஓட்டத்துக்கு 5,000 அல்லது 6 மாதம். கடின ஓட்டம் என்றால் மலைப்பாதை, சுமை என்று நினைத்திருந்தேன். பட்டியலில் முதல் வரியே "8 கிலோமீட்டருக்குக் குறைந்த தொடர் பயணங்கள்". அப்பா ஏன் 5,000 என்று வைத்திருந்தார் என்பது இப்போதுதான் புரிகிறது. அவருக்கும் அதே வேலைப் பாதைதான்.

5டபிள்யூ-30 வெயிலுக்கு மெலிதாகிவிடுமா? மாறினால் உள்ளே கழுவிவிடும் என்ஜின் ஃப்ளஷ் ஊற்ற வேண்டுமா? பழையபாதை ஐயா கேட்டது என் மனதிலும் இருக்கிறது. மாறாமலே இருந்தால் தப்பா?

ஸ்பேனர்27

தப்பே இல்லை. பழையபாதை சொல்வது நியாயம். உங்கள் காருக்கு, உங்கள் ஓட்டத்துக்கு, நாள் தவறாமல் மாற்றிய மினரல் 10டபிள்யூ-30 போதும். கை இறுக்கமாக இருக்கும் மாதத்தில் அதையே ஊற்றுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். கையில் பணம் இருந்தால் சிந்தெடிக் ஊற்றுங்கள் என்பேன். வெயிலில் 400 கிலோமீட்டர் ஓடும் அந்த ஒரு நாள், பிறகு தினமும் ஆறிய என்ஜினை எழுப்பும் இரண்டு ஸ்டார்ட், இந்த இடங்களில்தான் உங்களுக்கு லாபம். மாற்றும் இடைவெளியை நீட்டுவதற்காக மட்டும் மாறாதீர்கள். சிந்தெடிக் ஊற்றி நாளை நீட்டுவதைவிட, நேரத்துக்கு மாற்றும் மினரலே மேல்.

வெயிலுக்கு மெலியாது. இரண்டிலும் பின்னால் இருப்பது 30தான், 100 டிகிரியில் இரண்டும் ஒரே வரம்புக்குள் நிற்க வேண்டும். ஆறியிருக்கும்போது 5டபிள்யூ கொஞ்சம் இளகலாக இருந்து சீக்கிரம் மேலே ஏறும்.

ஃப்ளஷ் வேண்டவே வேண்டாம். உள்ளே சுத்தமாக இருக்கிற என்ஜினுக்கு அது தேவையில்லாத வேலை. அழுக்கான என்ஜினில் அது இன்னும் ஆபத்து, கசடு கட்டியாகப் பெயர்ந்து வலையில் போய் உட்காரும். மூடியில் இருந்த நுரை அக்கா சொன்ன அதே தண்ணீர். கூலன்ட் குறைகிறதா என்று மட்டும் இரண்டு வாரம் பாருங்கள். குறையவில்லை என்றால் அது ஈரம்தான், நீண்ட ஓட்டத்தில் போய்விடும். கூலன்ட் குறைந்தால் ஹெட் பேக்கிங்கைப் பார்க்க வேண்டும்.

ஊற்றும்போது 3.5 லிட்டரையும் ஒரே மூச்சில் கவிழ்க்க விடாதீர்கள். 3 லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து சமதரையில் டிப்ஸ்டிக் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேல் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை பேரிங்குக்கு மசகாகாது. முதல் மாதம் வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக் பாருங்கள். இன்னொன்று, உங்கள் கணக்கில் 6 மாதத்துக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர்தான் வருகிறது. அதனால் மீட்டரைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், நாள்தான் முதலில் வரும்.

வேதியியல்காரி

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எஸ்எம் அல்லது அதற்கு மேல் என்று இருப்பதால் 2020-இல் வந்த எஸ்பி தரம் உங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும், புதிய தரம் பழையதை உள்ளடக்கியது. டப்பாவின் பின்பக்கத்தில் வட்ட வடிவ ஏபிஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை உள்ள மினரலையும், முத்திரையே இல்லாமல் "சிந்தெடிக்" என்று மட்டும் பெரிதாக எழுதியதையும் என் முன்னால் வைத்தால், மினரலைத்தான் என் காருக்கு எடுத்துக்கொள்வேன்.

டர்போப்பிரியனுக்கு: சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது கலவை முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறு ஒன்று உண்டு. கால்சியம் சேர்மானம் அதிகமுள்ள ஆயிலில் அது கூடுதலாக வந்தது. அதற்காகத்தான் 2018-இல் எஸ்என் பிளஸும் பிறகு எஸ்பியும் வந்தன. உங்கள் டப்பாவில் அந்த எழுத்துகள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டர்போப்பிரியன்

பார்த்தேன் அக்கா. எஸ்என் மட்டும் போட்டிருக்கிறது. அடுத்த முறை எஸ்பி பார்த்து வாங்குகிறேன். நன்றி.

நீலக்கார்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டுக் காணாமல் போனவளாக இருக்க விரும்பவில்லை.

முதலில் டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றினேன். மெக்கானிக்கிடம் இங்கே பேசியதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கழற்றியதும் பழைய பேக்கிங்கை என் கையில் கொடுத்தார், பிளாஸ்டிக் வளையல் போல விறைத்து, வளைத்ததும் ஒடிந்தது. "உங்க வண்டிக்குக் கசியாது, உள்ளே சுத்தமா இருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். 1,18,210-இல் 5டபிள்யூ-30 சிந்தெடிக், ஏபிஐ எஸ்பி, தரமான ஃபில்டர். டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஊற்றினோம். 3.4 லிட்டரிலேயே மேல் கோட்டைத் தொட்டுவிட்டது. பழைய ஆயிலை அவர் மறுசுழற்சிக்குக் கொடுக்கும் பீப்பாயில் ஊற்றிவிட்டார்.

இதுவரை 1,340 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டிப்ஸ்டிக்கில் இறங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை. டேப்பட் கவர் ஓரம் காய்ந்து இருக்கிறது. கூலன்ட் குறையவில்லை. காலை சத்தம் ஒரு நொடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆயிலாலா ஃபில்டராலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டேன். மைலேஜில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

நோட்டில் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஃபில்டர் மாத்தினதை எழுதினியா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு சின்னச் சந்தேகம். சம்ப்பின் அடியில் ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி லேசாக ஈரம் இருக்கிறது. துடைத்தால் மூன்று நாளில் மறுபடி வருகிறது. இது சிந்தெடிக்கால் வருவதா?

ஸ்பேனர்27

இல்லை தங்கச்சி. ட்ரெயின் போல்ட்டுக்கு அடியில் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒன்று இருக்கும். இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைப்பது அதன் வேலை. ஒரு முறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. புது வாஷர் போட்டார்களா, பழையதையே திருப்பிப் போட்டார்களா என்று கேளுங்கள். சொட்டு விழவில்லை என்றால் இப்போதைக்கு ஓட்டலாம். நிறுத்துவதற்காகப் போல்ட்டை மேலும் முறுக்க மட்டும் விடாதீர்கள், அலுமினிய சம்ப்பில் மரை போய்விடும்.

நீலக்கார்

பழையதையேதான் போட்டாராம் அண்ணா. நோட்டில் அடுத்த வரிக்குத் தேதியைக் குறித்து, பக்கத்தில் "புது வாஷர்" என்று எழுதிவிட்டேன்.